ஒரு சிரிப்புக்கு ரெண்டு ரூபாய்

அந்த டப்பாவை மட்டும் சித்தெ நேராப் புடிச்சுக்குங்க தம்பி. சாஞ்சா கிரீம் பூவெல்லாம் ஒரு பக்கமாப் போயிரும். ஆமாங்க, கேக்குத்தான். ஒண்ணரைக் கிலோ. மேல பேரு எழுதியிருக்குது, இப்பப் பாக்காதீங்க, யாரு பேருன்னு நானே சொல்றேன்.

போனு அடிச்சா அடிக்கட்டுங்க. எடுக்க மாட்டேன். நான் இன்னைக்கு லீவு. மார்ச் முப்பத்தொண்ணு அன்னைக்கு லீவு போட்ட தணிக்கைக்காரனை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க, இப்பப் பாத்துக்குங்க. என்ர பேரு சென்னியப்பன். தணிக்கை ஆபீசுல கண்காணிப்பாளர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். எனக்கு ஒரு மெமோ குடுத்திருக்கறாங்க. எதுக்குங்கறீங்க? சிரிப்பை எண்ணுனதுக்கு.

என்ன, சிரிக்கறீங்க? பரவால்லீங்க, சிரிங்க. ஒண்ணு. இல்லீங்க, சும்மா, பழக்கம் ஆயிப்போச்சு.

போன டிசம்பர்லங்க, நம்ம மாவட்டத்துல இருக்கற குழந்தைக இல்லத்தையெல்லாம் ஆய்வு பண்ணோணும்னு ஒரு குழுப் போட்டாங்க. தாய் தகப்பன் இல்லாத குழந்தைக, இருந்தும் பாத்துக்க முடியாத குழந்தைக, அதுகளை வெச்சுப் பாக்கற இல்லம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகுது, அந்தச் செலவுக்கு ஏத்த தரம் இருக்குதா, இல்லியா. அதுதான் கேள்வி. செலவு சாஸ்தியா இருக்கற சின்ன இல்லத்தையெல்லாம் மூடி, டவுன்ல இருக்கற பெரிய இல்லத்தோட சேத்தரலாம்னு மேல ஒரு யோசனை. எனக்கு ரெண்டு இல்லம் ஒதுக்குனாங்க. ஒண்ணு அந்தப் பெரிய இல்லம். இன்னொண்ணு கொன்னமரத்துப்பாளையத்துல மலர்க்கூடுன்னு, பதினேழு பொண்ணுக. இந்த பஸ்சு அங்கதான் போகுது.

ஒரு இல்லத்துக்கு ஒரு தடவைதான் போகோணும். நான் மலர்க்கூட்டுக்கு ஒம்பது தடவை போனேன். அதுவும் மெமோவுல இருக்குதுங்க. சரிபாக்க வேண்டாமுங்களா? ஒரு தடவை பாத்ததை இன்னொரு தடவை பாத்தாத்தான முத தடவை பாத்தது சரின்னு தெரியும்?

முத தடவை போனப்ப சொல்லாமக் கொள்ளாமப் போனேன். அதுதான் முறை. ஒரு ரெக்சின் பை, ஒரு அடி ஸ்கேலு, ஒரு சோத்துப் போசி. கேட்டைத் தொறந்து உள்ள காலு வெச்சதுதான் தெரியும், ஒரு பொண்ணு "அங்கிள் வந்துட்டாங்கோ"ன்னு கத்துச்சு. பதினேழு பொண்ணுகளும் வெசையா ஓடியாந்து வரிசையில நின்னுட்டாங்க. ஒருத்தி கரும்பலகையைத் தூக்கிட்டு வந்தா, ஒருத்தி கலர் சாக்பீஸோட "உங்க பேரு என்னங்க அங்கிள்?"ங்கறா. நானும் ஆய்வுப் பதிவுக்குத்தான் கேக்கறாங்கன்னு முழுப் பேரையும் சொன்னேன். உடனே பதினேழு பேரும் கையைத் தட்டிப் பொறந்தநாள் பாட்டுப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. என்ர பேரைச் சேத்து!

உங்களுக்குத் தெரியுமில்லீங்க, இப்ப ஊருல எல்லாரும் பொறந்தநாளு, கல்யாண நாளுன்னா ஒரு இல்லத்துக்குப் போயி அன்னைக்குச் சாப்பாடு போடறாங்க. கேக்கு வெட்டறாங்க, குழந்தைக பாடுது, நாலு போட்டோ எடுத்துட்டுப் போயிர்றாங்க. அந்தப் பொண்ணுக வாரத்துக்கு மூணு பேருக்குப் பாடுதுக. கைப் பையோட எவன் வந்தாலும் பொறந்தநாள்காரன்தான்.

நான் தணிக்கைக்கு வந்திருக்கறேன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா பாட்டுக்கு நடுவுல நிறுத்தறது மரியாதைங்களா, நீங்களே சொல்லுங்க. முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சதும் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டுனாங்க. ஊதுனேன். அம்பத்தேழு வயசுல முத தடவை ஊதுனேன், அணையல. மறுபடி ஊதுனேன். அதுக்கே என்ன சிரிப்புங்கறீங்க! அப்பறம்தான் "சாப்பாட்டு வண்டி எங்கீங்க அங்கிள்?"னு கேட்டாங்க. என்ர போசியைத் தொறந்து காட்டுனேன். தயிர் சோறும் நாரத்தங்கா ஊறுகாயும். பதினேழு பேரும் அதை எட்டிப் பாத்துட்டு மறுபடி சிரிச்சாங்க.

அங்கதாங்க எனக்கு யோசனை வந்துச்சு. ஆய்வுப் படிவத்துல ஒரு கட்டம் இருக்குது. 'குழந்தைகளின் மகிழ்ச்சி நிலை'ன்னு. மத்தவங்கெல்லாம் அதுல 'நன்று'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நன்றுன்னா என்னங்க? ஆதாரம் எங்க? அரிசியை நிறுக்கறோம், பாலை அளக்கறோம், மகிழ்ச்சியை மட்டும் குருட்டாம்போக்குல எழுதறதா? சிரிப்பை எண்ணுனா முடிஞ்சுது. நோட்டை எடுத்து நாலு கோடு, குறுக்க ஒரு கோடுன்னு போட ஆரம்பிச்சேன்.

ரெண்டாவது தடவை காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஒக்காந்து எண்ணுனேன். எண்ணறதோட வேலையும் பாத்தேன், சும்மா ஒக்காரல. சாம்பாரு கெட்டியா இருக்குதான்னு ஸ்கேலை விட்டுப் பாத்தேன். மூணு சென்டிமீட்டர் பருப்பு. அந்தச் சமையக்கார குப்பாத்தா ஸ்கேலைப் புடுங்கி வெளிய வீசிருச்சு, அது வேற சங்கதி. கட்டில் உறுதியான்னு பாக்க ஏறிப் படுத்தேன், கொஞ்சம் தூங்கிட்டேன். ஊஞ்சலு குழந்தைக எடையைத் தாங்குமான்னு ஒக்காந்து பாத்தேன். உறுதியாத்தான் இருந்துச்சு. எந்திரிக்கத்தான் முடியல. அந்த ஊஞ்சப் பலகைக்கு ரெண்டு பக்கமும் கம்பி வெச்சிருக்கறாங்க, சின்னக் குழந்தைக்கு அளவா. ஆறு பொண்ணுக முன்னால இழுக்க, ஆறு பொண்ணுக பின்னால தள்ள, அந்த ரத்தினாம்பா, அவங்கதான் இல்லத்தைப் பாத்துக்கற அம்மா, தேங்காயெண்ணெயை எடுத்துட்டு ஓடியாறாங்க. அந்த நேரத்துல மட்டும் நூத்தி நாப்பத்தொரு சிரிப்பு. ஊஞ்சல்ல மாட்டுன வாக்குலயே எண்ணுனேன். 'விளையாட்டு உபகரணங்கள் குழந்தைகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி தருபவையாக உள்ளன'ன்னு அறிக்கையில எழுதியிருக்கறேன்.

அன்னைக்கு மொத்தம் ஆயிரத்தி அறுநூத்தி பதினஞ்சு சிரிப்பு. செலவு ஒரு குழந்தைக்கு நூத்தித் தொண்ணூறு ரூபா, பதினேழு பேருக்கு மூவாயிரத்தி இருநூத்தி முப்பது. வகுத்துப் பாத்தா ஒரு சிரிப்புக்கு ரெண்டு ரூபா. பைசா மிச்சமில்ல. முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒரு கணக்கு சுத்தமா வந்ததே இல்லீங்க, எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு.

ஏனுங் தம்பி, நீங்க வெளிய பாத்துட்டு வாயைப் பொத்திக்கறீங்க? சத்தம் கேட்டுச்சு, அதுவும் ஒண்ணுதான். ரெண்டு.

அப்பறம் பெரிய இல்லத்துக்குப் போனேன். எரநூத்தி நாப்பது குழந்தைக. ஒரு குழந்தைக்கு நூத்திப் பத்து ரூபாதான். சும்மா சொல்லக் கூடாதுங்க, சுத்தமுன்னா அப்படிச் சுத்தம். மணியடிச்சா எந்திரிக்குதுக, மணியடிச்சாத் திங்குதுக, மணியடிச்சா விளையாடுதுக. காலைல இருந்து ஒக்காந்திருக்கறேன், நோட்டுல ஒரு கோடு வுழுகல. மத்தியானம் ஒரு கதவைச் சாத்தறப்ப என்ர விரலு மாட்டிக்கிச்சு, அப்ப மூணு பேரு சிரிச்சாங்க. அவ்வளவுதான். நான் என்ன எழுதறேன்னு அங்கத்த கண்காணிப்பாளரு விசாரிச்சாரு. சொன்னேன். உடனே மணியடிச்சு எல்லாத்தையும் மைதானத்துல நிறுத்தி, "சாருக்காக எல்லாரும் சிரிங்க"ன்னாரு. எரநூத்தி நாப்பது குழந்தையும் ஒண்ணா ஹஹ்ஹான்னுச்சு. உத்தரவின் பேருல வந்த சிரிப்பு கணக்குல சேராதுன்னு அடிச்சுட்டேன்.

திரும்பறப்ப முன் வரிசையில ஒரு குட்டிப் பையன் "சார், இன்னும் சிரிக்கோணுங்களா, போதுங்களா?"னு கேட்டான். போதுங் கண்ணுன்னுட்டு வந்துட்டேன்.

சரி, அங்க ஒரு நாளுச் செலவு இருபத்தாறாயிரத்தி நானூறு. சிரிப்பு மூணு. ஒரு சிரிப்புக்கு எட்டாயிரத்தி எண்ணூறு ரூபா! எது சிக்கனம்னு சின்னக் குழந்தை கூடச் சொல்லிரும். அறிக்கையைத் தட்டச்சுப் பண்ணி மேல அனுப்பிச்சேன். எங்க பெரிய அதிகாரி வேதாசலம் சாரு, அந்தப் பக்கத்துல செவப்பு மையில வட்டம் போட்டு 'இது என்ன?'ன்னு எழுதி அனுப்பிச்சாரு. அலகு புரியலையாக்கும்னு நானும் விளக்கம் எழுதுனேன். சத்தம் வராம சிரிச்சா அரை, சாதாரணச் சிரிப்பு ஒண்ணு, வகுத்தைப் புடிச்சுட்டுக் கீழ வுழுந்து சிரிச்சா மூணு. அதுக்குத்தான் மெமோ வந்துச்சு. இத்தனை வெவரமா எழுதுனதுக்கு மெமோ!

இதுக்கு நடுவுல இன்னொரு ஆட்சேபணை. மலர்க்கூட்டுப் பதிவேட்டைப் பொரட்டறேன், பதினேழு பொண்ணுகள்ல பதினொரு பேருக்கு ஒரே பொறந்த நாளு. ஜூன் ஒண்ணு. என்ர மயிர்க்காலெல்லாம் நின்னுக்கிச்சு. முப்பத்தொரு வருஷம் காத்திருந்த மோசடி! ஒரே ஆளைப் பதினொரு தடவை எழுதிப் பதினொரு பங்கு அரிசி வாங்கறாங்கன்னு, பதினொரு பேரையும் ஒரே நேரத்துல வரிசையில நிறுத்தித் தலையைத் தொட்டு எண்ணுனேன். பதினொண்ணு இருந்துச்சு. மறுபடி எண்ணுனேன். அப்பவும் பதினொண்ணு.

ரத்தினாம்பா சொன்னாங்க, "என்னைக்குப் பொறந்துச்சுன்னு தெரியாம வந்த குழந்தைகங்க. டாக்டரு பல்லைப் பாத்து வயசு சொல்லுவாரு, பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு ஜூன் ஒண்ணுன்னு போட்டுருவோம். ஜூன் ஒண்ணு பள்ளிக்கூட லீவுல வருதுங்க, அன்னைக்குக் கொண்டாட யாரும் வர மாட்டாங்க."

"காரணம் புரியுதுங்கம்மா. ஆட்சேபணை நிக்குது"ன்னேன். 'பதினொரு பேர் ஒரே தேதியில் பிறந்திருக்க இயலாது. தனித்தனித் தேதி ஒதுக்கி, ஒதுக்கிய விவரத்தை இரண்டு மாதத்துக்குள் தணிக்கைக்குத் தெரிவிக்கவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி சான்றிதழ்ல மாத்த முடியாதுங்க, இல்லத்துல கொண்டாடற தேதியைச் சொல்றேன்.

அங்க மோனிஷான்னு ஒரு பொண்ணு, மொத நாளு சாக்பீஸோட என்ர பேரைக் கேட்டது அதுதான். பதினொரு வயசு. அதோட கண்ணு எப்பவும் நம்ம கையிலயே இருக்கும். அது என்ர கிட்ட வந்து, "உங்க பொறந்த நாளு என்னைக்குங்க அங்கிள்?"னு கேட்டுச்சு. "எனக்கும் ஜூன் ஒண்ணுதானம்மிணி. எங்க காலத்துல வாத்தியாரு போட்டதுதான் தேதி. எங்கம்மாவுக்கு மஞ்சள் வெட்டுனப்பன்னுதான் தெரியும்"னேன். "அப்ப நீங்களும் ஆட்சேபணையிலதான இருக்கறீங்க?"னுச்சு. சட்டப் பாயிண்டு! எனக்கே தோணல பாருங்க.

மார்ச் மொதல்ல உத்தரவு வந்துருச்சு. மலர்க்கூட்டை மூடி, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள குழந்தைகளைப் பெரிய இல்லத்துக்கு மாத்தோணும். வேன் வாடகை, ஏத்துக் கூலி எல்லாத்துக்கும் பணம் ஒதுக்கியாச்சு. எட்டாவது தடவை போனப்ப பொண்ணுக யாரும் வரிசையில நிக்கல. குப்பாத்தா அடுப்புக்கு முன்னால ஒக்காந்து அழுதுட்டிருக்குது. கெணத்து மேட்டுல போயி ஒக்காந்துட்டேன். மோனிஷா வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு.

"அங்கிள், முப்பத்தொண்ணுக்குள்ள மாத்தலீன்னா என்னாகும்?"

"ஒதுக்குன பணம் காலாவதியாயிரும் அம்மிணி. ஏப்ரல் ஒண்ணுல இருந்து புதுக் கோப்பு. புதுக் குழு, புது ஆய்வு. எப்படியும் மூணு வருஷம் இழுக்கும்."

"ஓ"ன்னுச்சு. அவ்வளவுதான். நோட்டுல என்னமோ எழுதிக்கிச்சு. படிப்புல நெம்ப ஆர்வமுங்க அதுக்கு.

அடுத்த வாரமே என்ர ஆட்சேபணைக்குப் பதில் வந்துருச்சு. பதினொரு பொண்ணுகளும் அவங்கவங்களுக்குப் புடிச்ச தேதியை எடுத்துக்கிட்டாங்களாம். ஒருத்திக்கு மார்ச் இருபது. அடுத்தவளுக்கு இருபத்தொண்ணு. அப்பறம் இருபத்திரெண்டு. இப்படியே முப்பது வரைக்கும். அத்தனை பேருக்கும் மார்ச்சுதான் புடிச்சிருக்குது பாருங்களேன், என்ன ஒத்துமை! தற்செயல்தான். குழந்தைக மனசு அப்படி. நான் எல்லாத் தேதியும் வேற வேறயா இருக்குதான்னு பாத்தேன், இருந்துச்சு, 'ஏற்கப்பட்டது'ன்னு போட்டுட்டேன்.

என்ன தம்பி, என்னைய இப்படிப் பாக்கறீங்க?

இருபதாந் தேதி காலைல வேன் போயிருக்குது. உள்ள போனா ஷாமியானா. யூனியன் சேர்மன் ஊட்டம்மா கேக்கு கொண்டாந்து நிக்கறாங்க, ஊருச் சனம் பூரா போனைத் தூக்கி வீடியோ எடுக்குது. நடுவுல ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு காயிதக் கிரீடம் வெச்சுட்டு நிக்குது. அதைப் புடிச்சு வேன்ல ஏத்துன்னு எந்த அதிகாரி சொல்லுவான்? வந்தவரு தலையிலயும் ஒரு கிரீடத்தை வெச்சுட்டாங்க. பிரியாணி சாப்புட்டுட்டு, நாளைக்கு வர்றம்னு போயிட்டாரு. அடுத்த நாளு ரைஸ் மில்காரரு பாயாசம். அதுக்கடுத்த நாளு ஜவுளிக்கடைக்காரங்க. வாரத்துக்கு மூணு பேரு வந்துட்டிருந்த எடத்துல தெனமும் ஒருத்தரு, எப்படிப் புடிச்சாங்களோ. இல்லத்துல குழந்தைக்கே பொறந்தநாளுன்னதும் ஊரே போட்டி போட்டுக்கிச்சுன்னு ரத்தினாம்பா சொன்னாங்க. வேன் டிரைவரு பதினொரு நாள்ல மூணு கிலோ ஏறிட்டாரு. அவரு என்னைப் பாத்து "இந்த மாதிரி டியூட்டி எனக்கு அமைஞ்சதே இல்லீங்க சார்"ங்கறாரு.

நேத்தோட பதினொண்ணும் முடிஞ்சுது. நேத்து மோனிஷாவோடது. நான் போகல. போனாப் பத்தாவது தடவை ஆயிரும், மெமோவுல திருத்தோணும். நேத்து மத்தியானம் வேதாசலம் சாரு கூப்பிட்டாரு. "சென்னியப்பன், நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நாளைக்கு எந்தப் பொறந்தநாளும் இல்ல. ஒப்படைப்புப் பட்டியல்ல தணிக்கைக் கையெழுத்து நீங்கதான் போடோணும், வேறாளு போட்டாச் செல்லாது. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குள்ள முடிச்சுரோணும்"னாரு. சரிங்க சார்னுட்டு வந்து ஆட்சேபணைக் கோப்பை மூடலாம்னு கடைசிப் பக்கத்தைத் திருப்புனேன். பின்பக்கத்துல, நான் முன்னாடி பாக்கவே இல்லீங்க, பன்னெண்டாவதா ஒரு வரி. சாக்பீஸு புடிக்கற அதே கோணக் கையெழுத்து.

'மார்ச் 31: சென்னியப்பன் அங்கிள்.'

கோப்புல இருக்கறது கோப்புல இருக்கறதுதானுங்க. நானே 'ஏற்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறேன். ஏத்துக்கிட்ட தேதியை நானே மீற முடியுங்களா? நேரா ஒக்காந்து லீவு எழுதுனேன். காரணம்: பிறந்த நாள். குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். காலைல பேக்கரிக்குப் போயி, என்ன பேருங்க எழுதறதுன்னு கேட்டப்பத்தான் வெக்கமாப் போச்சு. என்ர பையனுக்குன்னு பொய் சொல்லிட்டேன். எனக்குப் பையனே இல்ல.

அடிக்குது பாருங்க, பன்னெண்டாவது தடவை. அடிக்கட்டும். கையெழுத்துப் போடறவன் இன்னைக்கு ஆபீசுல இல்ல. கேக்கு வெட்டோணும், பாட்டு முழுசாப் பாடோணும், சாம்பாரு ஆழம் பாக்கோணும். நான் ஊஞ்சல்ல ஒருக்கா ஒக்காந்தேன்னா எந்திரிக்கறதுக்கே அஞ்சே முக்காலு தாண்டிரும். மோனிஷா, ரத்தினாம்பா கிட்டச் சொல்லித் தேங்காயெண்ணெயை ஒளிச்சு வெச்சிருச்சாம், எதுக்குன்னு எனக்குத் தெரியல.

கண்டக்டரே, மலர்க்கூடு எறக்கம்! சித்தெ மெதுவா நிறுத்தச் சொல்லுங்க, கேக்கு இருக்குது.

டப்பாவைக் குடுங்க தம்பி. அட, ஸ்டாப்புலயே வந்து நிக்கறாங்க பாருங்க. பதினேழும். பலகையை வேற தூக்கிட்டு வந்திருக்குதுக. நான் இன்னும் எறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள என்னமாச் சிரிக்குதுக! எதுக்கு இப்படிச் சிரிக்கறாங்கன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடலீங்க.

நோட்டா? இல்லீங்க, கொண்டாரல. லீவுல இருக்கறவன் எண்ணக்கூடாது.